செவ்வாயும் வெள்ளியும் நகர்ந்த கோடு

தம்பி வீட்டை விட்டுப் போன அன்றைக்குத்தான் அவனுடைய கீபோர்டு தானாக அடிக்க ஆரம்பித்தது. இதை இப்படி நேராகச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். பசுமலையில் ஒரு கல்லூரியில் எனக்கு கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட் வேலை. மவுஸ், கீபோர்டு, கேபிள் என்று பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். ஒரு சாமான் கோளாறு செய்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பொறுமையாகத் தேடினால் கிடைத்துவிடும் என்று பிள்ளைகளுக்கு வாய் வலிக்கச் சொல்வேன். அந்தப் பொறுமை எனக்கே கிடையாது என்பது லேபில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா வீடு திருப்பரங்குன்றத்தில், ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிருகிற தூரத்தில் இருக்கிறது. அம்மா இறந்த பிறகு அங்கே அப்பாவும் தம்பியும் மட்டும்தான். அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பிக்கு டைப்பிங் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எது வந்தாலும் வீட்டிலேயே ஒரு பழைய லேப்டாப்பில் அடித்து, பென் டிரைவில் போட்டு பிரஸ்ஸுக்குக் கொடுத்துவிடுவான். ஆனால் லேப்டாப்பில் இருக்கிற கீபோர்டில் அவன் கை வைக்க மாட்டான். அது அப்பளம் மாதிரி இருக்கிறதாம், விரலுக்கு ஒன்றும் தெரிய மாட்டேன் என்கிறதாம்.

அதற்காகப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். கம்ப்யூட்டர் ஊருக்குள் வந்த புதிதில் செய்தது. அடியில் இரும்புத் தகடு வைத்து, அம்மிக்குழவி மாதிரி கனம். வெள்ளையாக இருந்தது வெற்றிலை போட்ட பல்லைப் போல மஞ்சளாகிப் போயிருந்தது. ஒவ்வொரு பட்டனுக்குக் கீழேயும் தனியாக ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு ஸ்பிரிங், இரண்டு தகட்டு நாக்கு. அழுத்தினால் நாக்கு இரண்டும் தொட்டுக்கொள்ளும், விட்டால் பிரியும். அதன் உருண்டைப் பின் இந்தக் காலத்து லேப்டாப்பில் நுழையாது என்று நடுவில் ஒரு கன்வர்ட்டர் போட்டிருந்தான். டக், டக், டக் என்று மூன்று வீடு தள்ளிக் கேட்கும். சத்தம் வராமல் அதில் ஒரு எழுத்துகூட அடிக்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், ஏனென்றால் என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

அவன் போனதற்குக் காரணம் நான். சுற்றி வளைப்பானேன். அப்பாவுக்கு இடது கண் மில்லில் இரும்புத் துகள் பட்டு எப்போதோ போய்விட்டது. வலது கண்ணில் புரை முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் ஆபரேஷன் செய்தும் பிரயோஜனம் இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு தம்பியுடையது. முகூர்த்த நாட்கள், பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது என்று இரண்டு தடவை ஆஸ்பத்திரித் தேதியைக் கோட்டை விட்டான். இரண்டாவது தடவை நான் நேரே வந்து, கதவைக்கூடச் சாத்தாமல், தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"அப்பாவுக்குக் கண்ணு போச்சுன்னா அதுக்கு நீதாண்டா காரணம். இனிமே என் மூஞ்சியில முழிக்காத."

அவன் கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு அந்தக் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். எனக்கு அதைப் பார்த்து இன்னும் கோபம்தான் வந்தது. அது தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் அப்பா கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் அவன் போய்விட்டிருந்தான்.

அப்பா எனக்குப் போன் செய்தபோது மணி பத்தரை இருக்கும். "பாப்பா, தம்பி பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான்டா. ஆனா அடிக்கிறான்" என்றார். எனக்கு விளங்கவில்லை. லேபில் பர்மிஷன் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். வழியெல்லாம் தம்பியின் நம்பருக்கு அடித்தேன். அது அணைந்து கிடந்தது.

அப்பா தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப் திரைக்கு ஒரு ஜாண் தூரத்தில் முகத்தை வைத்திருந்தார். "சத்தம் போடாத, வந்து பாரு" என்றார். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம். எழுத்து விழ வேண்டிய இடத்தில் கர்சர் என்கிற அந்தச் சின்னக் கறுப்புக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு வரி கீழே இறங்கியது. கொஞ்ச நேரம் நின்றது. இன்னும் இரண்டு வரி இறங்கியது. மறுபடியும் நின்றது. யாரோ யோசித்து யோசித்து என்டரைத் தட்டுகிற மாதிரி இருந்தது. கீபோர்டைப் பார்த்தேன். ஒரு பட்டனும் அசையவில்லை. அந்தக் கீபோர்டில் சத்தமில்லாமல் அடிக்க முடியாது. ஆனால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, அப்பாவின் மூச்சைத் தவிர.

பயந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு நிமிஷம்தான். "ஷார்ட் ஆகுதுப்பா, பழைய சாமான்" என்று கேபிளைப் பிடுங்கப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் ஸ்பானர் பிடித்த கை.

"தொடாத. என்ன எழுதியிருக்கான்னு மட்டும் சொல்லு. எனக்கு எழுத்துத் தெரியல."

"எழுத்தே இல்லப்பா. வெறும் என்டர். வெத்துப் பக்கமா ஓடுது."

"என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்கிறான்" என்றார் அப்பா. அது எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. திரையின் அடியில் பக்க எண் பதினான்கு என்று காட்டியது. பன்னிரண்டு மணி வாக்கில் கோடு இறங்குவது நின்றது. அதன் பிறகு நாள் முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்குப் பிறகு மறுபடியும் வெள்ளி. மற்ற நாட்களில் அந்தக் கீபோர்டு கம்மென்று கிடந்தது. செவ்வாய், வெள்ளி மட்டும் காலை பத்து மணிக்குக் கோடு இறங்க ஆரம்பிக்கும், உச்சி வேளையில் நின்றுவிடும். கிழமை பார்த்து வருகிற கோளாறை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், "உசுரோட இருக்கவுக சத்தம் குடுத்துக்கிட்டு வருவாக. சத்தமில்லாம வாரது யாருன்னு உனக்கு நான் சொல்லணுமா?" என்றாள். நான் அவளை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கண்தான் மங்கலே தவிர அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

எனக்கு அப்போது வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அப்பாவை ஆபரேஷன் மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கீபோர்டு வாயை மூடாமல் அது நடக்காது. வெள்ளிக்கிழமைக்குத் தேதி வாங்கினால் முடியாது என்பார். திங்கட்கிழமை என்றால், "மறுநா செவ்வாயில்ல" என்பார். சரி, புதன்கிழமை போவோம் என்றால், "வெள்ளிக்குக் கண்ணக் கட்டி வச்சிருப்பாக. அவன் அடிக்கும்போது நான் குருடனா உக்காந்திருக்கவா?" என்பார். நானும் எம்புட்டோ கத்திப் பார்த்தேன். கத்தி ஒருத்தனை விரட்டியதுதான் மிச்சம், இவர் இருந்த இடத்தை விட்டே அசையவில்லை.

வாரா வாரம் அவர் கண் மோசமாகிக்கொண்டு வந்தது. தட்டில் இட்லி எங்கே, சட்னி எங்கே என்று விரலால் தடவித்தான் சாப்பிட்டார். சித்திரைத் திருவிழா வந்தது, போனது. எழுமலைப் பக்கம் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்து, விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷம் விடாமல் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்த மனுஷன், அந்த வருஷம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

நான் என் வேலையை ஆரம்பித்தேன். லேப்டாப்பை மூடக் கூடாது, அந்த ஃபைலை மூடக் கூடாது, அவன் எழுதினதை அழிக்கக் கூடாது என்று அப்பா மூன்று நிபந்தனை போட்டார். கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை நான் கிளம்பும்போதும், "சேவ் பண்ணுனியா?" என்று கேட்பார். வெத்துப் பக்கத்தைச் சேவ் பண்ணிவிட்டு பஸ் ஏறுவேன். பக்க எண் நூறைத் தாண்டியது, இருநூறைத் தாண்டியது.

முதலில் கன்வர்ட்டரை மாற்றினேன். செவ்வாய்க்கிழமை கோடு இறங்கியது. கேபிளை மாற்றினேன். வெள்ளிக்கிழமை இறங்கியது. லேப்டாப்பில் ஏதாவது வைரஸ் இருக்குமோ என்று பார்த்தேன், நெட் கனெக்‌ஷனே இல்லாத லேப்டாப்பில் என்ன இருக்கப் போகிறது? கீபோர்டைக் கழற்றிவிட்டால் கோடு நின்றுவிடுகிறது, அதனால் கோளாறு கீபோர்டில்தான் என்பது வரை தெரிந்தது. அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு புதன்கிழமை அதைத் துணிப்பையில் போட்டு லேபுக்குக் கொண்டு வந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தபோது, அதன் கனம் ஒரு தூங்குகிற குழந்தையின் கனமாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, பையைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டேன்.

லேபில் அது தங்கமாக வேலை செய்தது. வியாழன் முழுவதும் மாட்டி வைத்தேன். வெள்ளிக்கிழமை பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பத்து மணியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு அசைவு இல்லை. பன்னிரண்டு மணிக்கு அப்பா போன் செய்து, "அங்கயாச்சும் அடிச்சானா?" என்றார். இல்லை என்றேன். "நம்ம வீடுன்னாத்தான் வருவான்" என்றார்.

திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுபோய் மாட்டினேன். செவ்வாய்க்கிழமை காலையில் கோடு இறங்கியது. கழற்றி, துடைத்து, வேறு ஊரில் சும்மா இருந்துவிட்டு, அந்த வீட்டுக்குள் வந்ததும் வேலையைக் காட்டுகிறது. அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. அவன் நம்பர் அணைந்தே கிடந்தது, அவனுக்கு வேலை கொடுத்த பிரஸ்ஸில் விசாரித்தும் போன இடம் தெரியவில்லை. தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது, நாம்தான் அனுப்பிவைத்தோம் என்று மனசுக்குள் ஒரு குரல் ஓட ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பத்தரை மணிக்குப் போய், அப்பா கை கழுவப் போன நேரம் பார்த்து, அந்த என்டர் பட்டனின் மேல் விரலை வைத்தேன். பட்டனின் ஓரம் ஈரமாக, ஜில்லென்று இருந்தது. யாரோ வேர்த்த விரலை இப்போதுதான் எடுத்த மாதிரி. கையை உதறிக்கொண்டு பின்னால் வந்துவிட்டேன். லேபில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறவள், என் சேலையில் விரலைத் துடைத்துவிட்டு, வாய்க்குள்ளேயே, "எங்கடா இருக்க?" என்று கேட்டேன். கோடு ஒரு வரி இறங்கியது.

அதைப் பிறகு வீட்டில் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு அப்பா வீட்டிலேயே தங்கினேன். பத்து மணிக்கு என்ன வருகிறது என்று முதலிலிருந்தே பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. ஐந்து மாதமாக நான் போனதெல்லாம் பத்து மணிக்கு மேல்தான் என்பது அப்போதுகூட உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அப்பா குளித்து, விபூதி பூசி, கோயிலுக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்குத் திரும்பினார். வந்ததும் பித்தளைக் கிண்ணத்தில் சந்தன வில்லைகளைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கரைத்தார். அம்மா இருந்தவரை செவ்வாயும் வெள்ளியும் அவள் செய்த வேலை இது. அவள் போன பிறகு அப்பா எடுத்துக்கொண்டார். நிலைக்கதவு, பீரோ, ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு, அம்மாவின் தையல் மிஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவார். எங்கள் வீட்டில் பொட்டு இல்லாத சாமான் ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் எதன் மேல் இருக்கிற பொட்டும் என் கண்ணில் பட்டதே இல்லை.

அன்றைக்குப் பார்த்தேன். கண் தெரியாததால் அவர் எல்லாவற்றையும் தடவித் தடவித்தான் வைத்தார். சின்னப் பொட்டாக வைக்க அளவு தெரியாமல் கிண்ணத்தில் மூன்று விரலை முக்கி எடுத்தார். தண்ணீர் சொட்டியது. தம்பியின் மேஜைக்கு வந்தார். கீபோர்டின் மேல் விரலை ஓட்டினார். இருப்பதிலேயே பெரிய பட்டன், கைக்கு எளிதில் அகப்படுகிற பட்டன் என்டர். அதன் மேல் சந்தனத்தை வழிய வழிய அப்பினார். அதன் மேல் குங்குமம். கண்ணை மூடிக் கும்பிட்டார். சந்தனத் தண்ணீர் பட்டனின் ஓரமாக வழிந்து கீழே இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். அரை மணி நேரம் கழித்துக் கோடு இறங்கியது.

குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கிறது. அது தண்ணீரோடு கலந்து உள்ளே போய் நின்றால், அந்த இரண்டு தகட்டு நாக்கும் தொடாமலேயே கரண்ட் பாயும். ஈரம் காய்ந்தால் நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம். தம்பி இருந்தபோது அப்பா வைத்துவிட்டு நகர்ந்ததும், "இதுல வைக்காதீங்கன்னு எத்தன தடவதான் சொல்றது" என்று முணுமுணுத்துக்கொண்டே துணியை எடுத்துத் துடைத்துவிடுவான். அவன் போன வெள்ளிக்கிழமைதான் முதல் முதலாகத் துடைக்க ஆள் இல்லாமல் போனது.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தம்பி செத்துவிடவில்லை என்று நெஞ்சு லேசான அதே நொடியில், இந்தக் கிழவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று கனத்துப் போனது.

சனிக்கிழமை, பேப்பர் கிளிப் ஒன்றை வளைத்து என்டர் பட்டனை நெம்பி எடுத்தேன். கீழே சந்தனம் கட்டியாக உறைந்து கிடந்தது, காய்ந்த பிறகும் அதில் லேசாக வாசனை இருந்தது. தகட்டு நாக்கு இரண்டிலும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஊசியால் சுரண்டி, ஸ்பிரிட்டில் பல் பிரஷ்ஷை முக்கித் தேய்த்து, மொட்டை மாடி வெயிலில் அரை நாள் காய வைத்தேன். மாட்டி அழுத்தினால் டக்கென்று சுத்தமாகச் சத்தம் வந்தது. சுரண்டி எடுத்த சந்தனத்தை ஒரு காகிதத்தில் வைத்துக் கொண்டுபோய் அப்பாவின் உள்ளங்கையில் கொட்டினேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மெதுவாகச் சொல்ல வராது.

"இதுதான்ப்பா உங்க மகன். அஞ்சு மாசமா நீங்க வச்ச சந்தனம்தான் அடிச்சிருக்கு."

அவர் அந்தத் துகளை விரலால் உருட்டிப் பார்த்தார். மில்லில் கெட்டுப் போன பேரிங்கை இப்படித்தான் உருட்டிப் பார்த்திருப்பார். முகர்ந்தார்.

"அப்ப அவன் ஒண்ணுமே எழுதலையா?"

"ஒண்ணுமே எழுதல. பூராம் வெத்துப் பக்கம்" என்றேன். எல்லாப் பக்கத்தையும் வாசித்துவிட்டு வந்தவள் மாதிரிச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அவர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார், கீபோர்டுக்கு மட்டும் வைக்கவில்லை. ஆனாலும் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார். நானும் அரை நாள் லீவு போட்டு உடன் இருந்தேன். கோடு நின்ற இடத்திலேயே மினுக்கிக்கொண்டிருந்தது. அது ஓடிக்கொண்டிருந்த நாட்களில்கூட அந்த வீடு அவ்வளவு அமானுஷ்யமாக இருந்ததில்லை. பன்னிரண்டு மணிக்கு அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குத் தேதி வாங்கு பாப்பா" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் கை விரித்திருப்போம் என்றார் டாக்டர். ஒரு மாதம் சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று போனது. பிறகு வாசிப்பதற்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். கண்ணாடி வந்த அன்றைக்கு அப்பா தினசரிப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை வாசித்தார். என்னைக் கூப்பிட்டு, "உனக்கு முன்னுச்சியில நரைச்சிருச்சே" என்று சிரித்தார். நான் மனசுக்குள் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கறி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அப்பா தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஃபைலு இருக்கா, அழிச்சிட்டியா?"

"இருக்கு. என்னத்துக்குப்பா அது?"

"வெத்துன்னா வெத்துதான். நான் ஒரு தடவ என் கண்ணால பாத்துர்றேன். மிசினக் கழட்டுன பெறகு நானாப் பாக்காம மூடுனதில்ல."

திரையில் அறுநூற்று முப்பத்தெட்டாம் பக்கம் நின்றது. பக்கம் பக்கமாக மேலே போவதற்கான பட்டனைக் காட்டினேன். இப்படி ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியதில்லை, இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் ஒரே தாவலில் முதல் பக்கத்துக்குப் போய்விடலாம் என்றும் சொன்னேன். "நடுவுல ஏதாச்சும் இருந்து, தாவிப் போயிட்டா?" என்றார். எரிச்சலோடு சமையல்கட்டுக்குப் போய் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன்.

டக். டக். டக். பல மாதம் கழித்து அந்த வீட்டில் அந்தச் சத்தம். ஒரு விரலால், ஒரே சீராக. வெங்காயம் முடிந்து இஞ்சி பூண்டு அரைத்தேன், சத்தம் நிற்கவில்லை. கறி வெந்துகொண்டிருந்தது, அப்போதும் நிற்கவில்லை. ஒரு ரயில் போனது. அது போய் முடிந்தபோதும் டக், டக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. மணி ஒன்றைத் தாண்டியிருக்கும், சத்தம் நின்றது. கை வலித்திருக்கும், மறுபடி ஆரம்பிப்பார் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஆரம்பிக்கவில்லை. "அப்பா" என்று கூப்பிட்டேன். கரண்டியோடு ஓடினேன்.

அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். திரையின் அடியில் பக்கம் ஒன்று என்று இருந்தது. பக்கத்தில் எழுத்து இருந்தது.

"அக்கா, திங்கட்கிழமை அப்பா கண்ணுக்கு மறுபடியும் தேதி வாங்கியிருக்கேன். நீயே கூட்டிட்டுப் போ, என்னைய நம்பி விட வேணாம். நான் சிவகாசியில ஒரு பிரஸ்ஸுல சேந்துட்டேன். பழைய நம்பர் இனி இருக்காது. கீழ இருக்கது பிரஸ் நம்பர். சித்திரைத் திருவிழா வரைக்கும் அங்கதான் இருப்பேன். நீ வான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், அடுத்த பஸ்ஸுல வாரேன். கூப்பிடலைன்னா உனக்குக் கோவம் தீரலன்னு எடுத்துக்கிறேன்."

நான் வந்ததும் என் கண்ணில் படட்டும் என்று அவன் அதைத் திரையில் திறந்தபடியே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் படி இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் அப்பா கோயிலிலிருந்து வந்து, வெள்ளிக்கிழமைச் சந்தனத்தை வைத்திருக்கிறார். கோடு ஒவ்வொரு வரியாக இறங்க இறங்க அந்தக் கடிதம் மேலே போய்விட்டது. நான் வந்தபோது அது பதின்மூன்று பக்கம் மேலே இருந்தது. மவுஸை ஒரு தடவை உருட்டியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். நான்தான் கோளாறைப் பார்த்துக்கொண்டிருந்தேனே. ஐந்து மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை சேவ் பண்ணிவிட்டுப் போனேன்.

"கூப்பிடு" என்றார் அப்பா. "உன்னையத்தான் கூப்பிடச் சொல்லியிருக்கான்."

அந்த நம்பரை அடித்தேன். இரண்டாவது தடவைதான் எடுத்தார்கள். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம். வயசான குரல். தம்பியின் பெயரைச் சொன்னேன்.

"அந்தத் தம்பியா? மாசி, பங்குனி பூராம் இங்கனதான் இருந்துச்சு. போன் மணி அடிச்சாப் போதும், வேலையப் போட்டுட்டு ஓடியாரும். எங்க அக்காவான்னு கேக்கும். திருவிழா முடிஞ்ச மறுநா கெளம்பிப் போயிருச்சும்மா. வடக்க எங்கயோன்னு சொன்னாக. நம்பரு ஒண்ணும் குடுக்கல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்கதான் அந்த அக்காவா?" என்று கேட்டார்.

நான் போனை வைத்துவிட்டேன்.

"என்ன பாப்பா சொல்றாக?" என்றார் அப்பா.

ஊருக்குப் போயிருக்கானாம், வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றார்கள் என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன். ஐந்து மாதமும் நான் எதைச் சொன்னாலும் அப்பாவுக்கு என் குரல்தான் கேட்டது, முகம் தெரியாது. இப்போது கண்ணாடியைச் சரி செய்துகொண்டு என்னை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.